ஃபிலிம் ஒட்டியே கட் பண்ணியும் அக்ரிலிக் அடிப்பக்கம் கோடு விழுது, நீங்க என்ன பண்றீங்க?

வியாசர்பாடி_ரவுட்டர்:
மக்களே ஒரு டவுட்டு. போர்டு ஒர்க்கு, டிஸ்ப்ளே ஸ்டாண்டு தான் நம்ம வேலை, 8 அடிக்கு 4 அடி பெட்டு ரவுட்டர் (பிட்டு சுத்தி ஷீட்ட வெட்டுற மெஷின்) ஒன்னு இருக்கு, லேசர் ஜாப்பு மட்டும் வெளிய குடுத்து வாங்குறேன். கொஞ்ச காலமா க்ளியர் ஷீட்டும் கருப்பு ஷீட்டும் கட் பண்ணி ஷீட்டுல ஒட்டி வர்ற பாதுகாப்பு ஃபிலிம உரிச்சா அடிப்பக்கம் மெல்லிசா கோடு கோடா கெடக்கு, சின்ன சின்ன புள்ளிப் பள்ளமும் இருக்கு. மேல் பக்கம் சுத்தம். ஃபிலிம் கிழியவே இல்ல, அதான் மண்டைய பிச்சிக்கிட்டு இருக்கேன், கிழியாத ஃபிலிமுக்கு அடியில கோடு எப்படி வரும்? மெஷின் சர்வீஸ் ஆளு பிட்ட (வெட்டுற முனைய) மாத்துங்கறாரு, ஷீட் வித்தவரு மெஷின பாருங்கறாரு. இப்ப கையில இருக்குற ஆர்டர் நகைக்கடை ஸ்டாண்டு, ஓரத்துல எல்.இ.டி வருது, லைட்ட போட்டா ஒவ்வொரு கோடும் பளிச்சுனு எரியுது.

காசிமேடு_கட்டிங்:
தல மொதல்ல ஷீட்ட எதுல எத்தினு வர? மீன்பாடி வண்டிலயா? கெட்டியா கவுறு போட்டு கட்டி கணேசபுரம் சப்வேல எறக்கி ஏத்தினா ஒரு ஷீட்டு மேல ஒரு ஷீட்டு தேய்ச்சிகினே தான் வரும். நீ மெஷின் மேல பழி போட்டுகினு கீற, வண்டியிலயே கோடு வுழுந்துருக்கும். நா பாரிஸ் கார்னர்ல எட்த்தா கடையிலயே ஒரு ஓரத்த உரிச்சு பாத்துட்டு தான் ஏத்துவேன்.

வியாசர்பாடி_ரவுட்டர்:
குட்டியானைல தான் ண்ணா வருது, நடுவுல தெர்மகோல் போட்டு. கட் பண்றதுக்கு முன்னாடி ஓரத்த உரிச்சு பாத்தேன், ஒன்னும் இல்ல. கட் பண்ணதுக்கு அப்புறம் தான் வருது.

மூலக்கடை_லேசர்:
ப்ரோ, கோடு எந்த ஷேப்புல இருக்குன்னு சொல்லுங்க, அத வெச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம். யாரும் அத பாக்கறதில்ல, நேரா பாலிஷ் எடுத்து தேய்க்க ஆரம்பிச்சிடறாங்க.

நேர்கோடா, ஒன்னுக்கொன்னு பேரலலா நீளமா போனா ஷீட்ட டேபிள் மேல இழுத்திருக்கீங்க, இல்ல டேபிள் ஸால (மேசை ரம்பத்துல) தள்ளியிருக்கீங்க. வட்ட வட்டமா, வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா அது துணி, யாரோ காய்ஞ்ச துணியால தொடச்சிருக்காங்க. கட் ஆன ஓரத்துல இருந்து ரெண்டு மூனு இஞ்சுக்குள்ள மட்டும் குட்டி குட்டி கீறல்னா சிப்ஸ், அதாவது வெட்டும்போது தெறிக்கிற துகள். தேன்கூடு டிசைன்ல புகை மார்க்கு அடிப்பக்கம் இருந்தா அது கீறலே இல்ல, லேசர்ல ஷீட்டுக்கு கீழ இருக்குற ஹனிகோம்ப் தட்டுல பட்டு திரும்பி அடிச்ச சூடு. ஓரத்துல இருந்து உள்ள போற வெடிப்பு மாதிரி மின்னுதுன்னா அதுவும் கீறல் இல்ல, க்ரேஸிங், அது தின்னர் சமாச்சாரம், அப்புறம் சொல்றேன்.

புள்ளி, பள்ளம், அதுல இருந்து சின்னதா ஒரு வால் மாதிரி கோடு, இப்படின்னா அடியில ஏதோ கெட்டியா மாட்டிக்கிட்டு அழுந்தி இருக்கு.

வியாசர்பாடி_ரவுட்டர்:
கடைசியா சொன்னீங்களே அதே தான்!! புள்ளி, பக்கத்துல குட்டியா வால். ஷீட்டு ஃபுல்லா இல்ல, பெட்டோட நடு ஏரியா பக்கம் தான் ஜாஸ்தி.

ஐசிஎஃப்_பென்ஷன்காரர்:
தம்பி, உங்க மெஷின் காத்த உறிஞ்சி ஷீட்ட பிடிக்கிற வேக்கம் பெட்டா, க்ளாம்ப் போட்டு பிடிக்கிறதா?

வியாசர்பாடி_ரவுட்டர்:
வேக்கம் தான் ஐயா. மேல எம்.டி.எஃப் (மரநார் பலகை) போட்டிருக்கு.

ஐசிஎஃப்_பென்ஷன்காரர்:
அப்படின்னா ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 244 செ.மீ.க்கு 122 செ.மீ., பெருக்கினா ஏறக்குறைய 29,700 சதுர செ.மீ. வளிமண்டல அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ சொச்சம். உங்க பம்பு அதுல பாதி தான் இழுக்குதுன்னு வெச்சுக்கிட்டாலும் ஷீட்டு மேல கிட்டத்தட்ட 15 டன் உக்காந்திருக்கு. அந்த ஃபிலிம் எவ்வளவு தடிமன்? அரை மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருந்தா பெரிசு. நடுவுல ஒரு மணல் பொடி இருந்தா அதுக்கு ஃபிலிம கிழிக்கணும்னு அவசியமே இல்ல, ஃபிலிமோட சேத்து அக்ரிலிக்குள்ள அமுக்கிடும். அதுக்கப்புறம் பிட்ட சுத்துற ஸ்பிண்டில் ஓடுற அதிர்வுல அரை மில்லி நகந்தா வால் வந்துடும். உங்க கிழியாத ஃபிலிம் கேள்விக்கு அது தான் பதில்னு நெனைக்கிறேன்.

மணல்னு சொன்னது சும்மா இல்ல. கடற்கரை மணல்ல பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் அளவுல 7. கண்ணாடியே ஐந்தரை கிட்ட தான். அக்ரிலிக் அதுக்கும் ரொம்ப கீழ. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் கடை வெச்சிருக்குறவங்க காலையில ஷட்டர தெறந்தா தரையில மெல்லிசா படிஞ்சிருக்குமே, அது போதும்.

காசிமேடு_கட்டிங்:
நைனா சொல்றது கரீட்டு. கண்டெய்னர் லாரி போய்கினு வந்துகினு கீற ரோட்டுல கட வெச்சிகினு சுத்தம்னு பேசவே முடியாது. நா டெய்லி காலையில தண்ணி தெளிச்சு தான் தொறப்பேன், கூட்டுனா எல்லாம் மேல ஏறிடும்.

மாதவரம்_டூல்ஸ்:
வியாசர்பாடி ப்ரோ, அந்த பெட்டுல அக்ரிலிக் மட்டும் தான் ஓடுதா? ஏ.சி.பி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஓட்டுறீங்களா?

வியாசர்பாடி_ரவுட்டர்:
ஓடுது. போர்டு ஒர்க்குனா ஏ.சி.பி இல்லாம எப்படி. காலைல பெரும்பாலும் அதான்.

மாதவரம்_டூல்ஸ்:
அப்ப வேற எங்கயும் தேட வேணாம். ஏ.சி.பி ரெண்டு பக்கமும் அலுமினியம். க்ரூவ் போடும்போது, கட் பண்ணும்போது பறக்குற அலுமினிய சிப்ஸ் ஊசி மாதிரி, எம்.டி.எஃப்ல குத்தி நிக்கும். ப்ரஷ்ல தள்ளினா போகாது, வேக்கம் க்ளீனர் வெச்சாலும் பாதி உள்ளயே இருக்கும். நடு ஏரியால ஜாஸ்தின்னு சொன்னீங்கல்ல, அங்க தான் நீங்க ஏ.சி.பி ஜாப்புக்கு ஆரம்பப் புள்ளி (ஜீரோ) வெச்சு ஓட்டியிருப்பீங்க. கைய தட்டையா வெச்சு பெட்டு மேல மெதுவா தடவி பாருங்க, இல்ல பழைய நைலான் சாக்ஸ கையில மாட்டிகிட்டு தடவுங்க, நூலு எங்க சிக்குதோ அங்க இருக்கு.

செய்ய வேண்டியது, எம்.டி.எஃப் மேல்தோல் அரை மில்லில இருந்து ஒரு மில்லி வரைக்கும் ஸ்கிம் பண்ணி எடுத்துடுங்க, பெரிய சர்ஃபேஸிங் பிட்டு போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் அக்ரிலிக்குக்கு தனி எம்.டி.எஃப், ஏ.சி.பிக்கு தனி எம்.டி.எஃப், மாத்தி மாத்தி போடுங்க. பின்னாடி பக்கம் பெருசா அக்ரிலிக், ஏ.சி.பினு எழுதி வெச்சிடுங்க, இல்லன்னா பசங்க மாத்திடுவாங்க.

வியாசர்பாடி_ரவுட்டர்:
தடவி பாத்துட்டேன் ப்ரோ. சாக்ஸ் நாலஞ்சு இடத்துல மாட்டுச்சு, ட்வீசர்ல புடுங்குனா வெள்ளையா பளபளனு அலுமினியம். இத்தன நாளா யாரும் இத சொல்லல, பிட்டு பிட்டுனு பிட்டையே மாத்திக்கிட்டு இருந்தாங்க. ஸ்கிம் பண்ணிட்டு சொல்றேன். அப்படியே பிட்டு பத்தியும் சொல்லிடுங்க, ரெண்டு ஃப்ளூட்டு (சிப்ஸ் வெளிய வர்ற பள்ளம்) உள்ளது போட்டிருக்கேன்.

மாதவரம்_டூல்ஸ்:
மரத்துக்கு போடுற ரெண்டு ஃப்ளூட்டு அக்ரிலிக்குக்கு வேணாம். ஒத்த ஃப்ளூட்டு, ஓ ஃப்ளூட்டுனு கேளுங்க, சிப்ஸ மேல தூக்குற அப்கட்டு. சிப்ஸ் வெளிய வர்றதுக்கு பெரிய எடம் இருக்கும். 18,000 சுத்துல ஓட்டி ஃபீடு (பிட்டு முன்னாடி நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 2,500 மி.மீ வெச்சா ஒரு சுத்துக்கு சுமாரா 0.14 மி.மீ கடிக்குது, அது நல்ல கடி. பயந்துகிட்டு ஃபீட 800க்கு கொறச்சா 0.04 தான் கடிக்கும், அப்ப பிட்டு வெட்டாது, தேய்க்கும், சூடாகும், அக்ரிலிக் உருகி சிப்ஸு திரும்ப ஓரத்துலயே ஒட்டிக்கும். ஃபிலிமும் உருகி ஓரத்தோட வெல்டாயிடும், அத பிச்சு எடுக்க ப்ளேடு எடுப்பீங்க, ப்ளேடு ஸ்லிப்பாகி மேல கோடு போடும். ஆக ஸ்பீடு தப்புனா கடைசியில வர்றது கீறல் தான்.

இன்னொன்னு, ஏர். பிட்டு முனையில ஒரு ஏர் லைன் வெச்சு அடிச்சுகிட்டே இருங்க. வெட்டுன சிப்ஸ திரும்ப வெட்டாம இருக்குறதுக்கும், பாதி அறுந்த பீஸுக்கு அடியில அது பூந்து உக்காராம இருக்குறதுக்கும் அது ஒன்னு தான் வழி. கம்ப்ரஸர்ல தண்ணி வடிகட்டி இருக்கணும், எண்ணெய் துளி வந்தா தூசி அதுலயே ஒட்டும்.

கொடுங்கையூர்_புதுசு:
அண்ணா நடுவுல வந்து கேக்குறதுக்கு சாரி, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு பண்றேன், ரவுட்டர் எல்லாம் இல்ல, ஜிக்ஸா (கையில புடிச்சு ஓட்டுற கரண்ட் ரம்பம்) தான் இருக்கு. வெட்டுன எடத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு தண்டவாளம் மாதிரி கோடு வருது. ஃபிலிம உரிச்சிட்டு தான் வெட்டுனேன், மார்க்கர் கோடு தெரியணும்னு.

மூலக்கடை_லேசர்:
தம்பி அது ஜிக்ஸாவோட அடித்தட்டு. ஸ்டீல் தட்டு ஷீட்டு மேல தேய்ச்சிகிட்டே போகுது, நடுவுல தூள் சிக்குது. தட்டுக்கு அடியில மாஸ்கிங் டேப்போ மெல்லிசா ஃபெல்ட்டோ ஒட்டு. ஷீட்டு மேலயும் வெட்டுற லைன்ல அகலமா மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல பேனாவுல கோடு போடு, தெரியும். ஃபிலிம எதுக்கு உரிக்குற, ஃபிலிம் மேலயே மார்க்கர்ல வரையலாமே. ஷீட்டு ஆடாம ரெண்டு பக்கமும் க்ளாம்ப் போடு, க்ளாம்ப் வாயில ரப்பர் துண்டு வை.

ஐசிஎஃப்_பென்ஷன்காரர்:
நேர் வெட்டா இருந்தா ஜிக்ஸாவே வேணாம் தம்பி. 3 மி.மீ. வரைக்கும் ஸ்கோர் கத்தி போட்டு ஸ்கேல் வெச்சு பல தடவ இழுத்துட்டு, மேசை ஓரத்துல வெச்சு ஒரே அழுத்தா அழுத்துனா ஒடிஞ்சிடும். நாங்க ஹேக்ஸா ப்ளேடு முனைய க்ரைண்டர்ல கொக்கி மாதிரி தேய்ச்சு அதையே கத்தியா வெச்சிருந்தோம். இதுலயும் ஃபிலிம் மேல தான் கோடு போடணும். ஸ்கேலுக்கு அடியில டேப் ஒட்டிக்கோங்க, இரும்பு ஸ்கேலு நழுவுனா அதுவே ஒரு கீறல்.

கொடுங்கையூர்_புதுசு:
தேங்க்ஸ் ஐயா. இன்னொரு டவுட்டு, ஃப்ரெண்டு கிட்ட நீல கலர் டயோடு லேசர் இருக்கு, க்ளியர் ஷீட்ட வெச்சா வெட்டவே மாட்டேங்குது.

மூலக்கடை_லேசர்:
வெட்டாது. நீல வெளிச்சம் க்ளியர் அக்ரிலிக்ல அப்படியே பூந்து போயிடும், ஷீட்டு அத உறிஞ்சாது. கருப்பு மாதிரி டார்க் கலர்னா கொஞ்சம் வெட்டும். கடையில நாங்க வெச்சிருக்குறது சி.ஓ.டூ (கார்பன் டை ஆக்சைடு) லேசர், அலைநீளம் 10.6 மைக்ரான், அத எந்த கலர் அக்ரிலிக்கும் நல்லா உறிஞ்சும். கண்ணாடி போடாம அந்த நீல லேசர பாக்காத, விளையாட்டு இல்ல.

பெரம்பூர்_பரிசுக்கடை:
லேசர் பேச்சு வந்ததால நானும் சொல்றேன். எங்க கடையில ஷீல்டு, ட்ராஃபி, நேம் ப்ளேட்டு. வியாசர்பாடி, ஓட்டேரி பக்கம் ஃபுட்பால் டோர்னமெண்ட், கேரம் டோர்னமெண்ட் சீசன் வந்தா நின்னு சாப்பிட நேரம் இருக்காது. எனக்கு கீறல விட பெரிய தலவலி புகை. ஃபிலிம உரிச்சிட்டு என்க்ரேவ் பண்ணா எழுத்த சுத்தி வெள்ளையா படியுது, அத தொடைக்கப் போய் தான் கோடு விழுது. ஃபிலிமோட பண்ணா ப்ளாஸ்டிக் ஃபிலிம் எழுத்துக்குள்ள உருகி ஒட்டிக்குது. நான் இப்ப என்ன பண்றேன்னா கம்பெனி ப்ளாஸ்டிக் ஃபிலிம எடுத்துட்டு, ஸ்டிக்கர் கடைக்காரங்க எழுத்த தூக்கி ஒட்டுறதுக்கு வெச்சிருப்பாங்களே பேப்பர் அப்ளிகேஷன் டேப், அத ஒட்டிட்டு என்க்ரேவ் பண்றேன். அப்படியே மேல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சு காய விட்டு டேப்ப உரிச்சா எழுத்துல மட்டும் கலர் நிக்குது, ஓரம் கத்தி மாதிரி சுத்தமா வருது. குட்டி எழுத்துக்கு நடுவுல இருக்குற பேப்பர் துண்ட நகத்தால எடுக்கணும், அது ஒன்னு தான் கஷ்டம். எடுக்க நம்ம வீட்டு பொண்ணுங்க ரெண்டு பேர உக்கார வெச்சிடுவேன்.

காசிமேடு_கட்டிங்:
யக்கா அந்த டேப்பு ரோலு வெல ஜாஸ்தியா கீதே. நம்ம கிட்ட வேஸ்ட் வினைல் ஸ்டிக்கர் மூட்ட கணக்கா கெடக்குது, அத்த ஒட்டி லேசர்ல குட்த்தா ஆவாதா?

மூலக்கடை_லேசர்:
அண்ணாத்த கை எடுத்து கும்புடறேன் அத மட்டும் பண்ணாதீங்க. ஸ்டிக்கர் வினைல்னா பி.வி.சி. லேசர் பட்டா ஹைட்ரஜன் க்ளோரைடு வாயு வரும், ஈரத்தோட சேந்தா ஹைட்ரோக்ளோரிக் ஆசிட். மூச்சுல போனா நெஞ்சு எரியும், மெஷின்ல ரெயிலு, லென்ஸு, மிரரு எல்லாம் துரு புடிக்கும், நம்ம ஊரு ஈரக்காத்துக்கு இன்னும் சீக்கிரம். எங்கிட்ட வர்ற ஜாப்புல கஸ்டமரு ஒட்டிக்கிட்டு வந்த ஃபிலிம் எதுன்னு தெரியலன்னா நான் வாங்குறதே இல்ல.

டெஸ்ட் பண்ண ஒரு வழி இருக்கு. செப்பு ஒயர ஒரு துண்டு எடுத்து இடுக்கில புடிச்சு கேஸ் டார்ச்சுல நல்லா பழுக்க காய்ச்சி, சூடா இருக்கும்போதே ஃபிலிம் மேல தொட்டு கொஞ்சம் ஒட்ட வெச்சு, திரும்ப நெருப்புல காட்டுங்க. பச்சையா எரிஞ்சா க்ளோரின் இருக்கு, அந்த ஃபிலிம் வேணாம். பச்ச வரலன்னா, மெழுகுவத்தி வாசனையோட எரிஞ்சா பாலிஎத்திலீன், ஓகே. வெளிய காத்தோட்டமா நின்னு பண்ணுங்க.

காசிமேடு_கட்டிங்:
யப்பா. நல்ல வேள கேட்டேன். ரவுட்டருக்கு ஒட்டலாமா அப்ப?

மூலக்கடை_லேசர்:
ரவுட்டர்ல எரியாது, ஒட்டலாம், ஆனா வினைல் பசை கெட்டியா புடிச்சிக்கும், வெயில்ல கெடந்த ஷீட்டுனா உரிக்கறதுக்குள்ள உசுரு போயிடும்.

லேசர் கட்டிங்ல மேல பேப்பரு நல்லது, ஆனா பேப்பர் தீ புடிக்கும், பக்கத்துல ஆளு இல்லாம மெஷின விட்டுட்டு டீ குடிக்க போகக் கூடாது. நான் கட் பண்றதுக்கு முன்னாடி பேப்பர் மேல ஸ்ப்ரே பாட்டில்ல சோப்புத் தண்ணி லேசா அடிச்சிடுவேன். அடிப்பக்க பேப்பர மட்டும் எந்த காரணத்துக்கும் எடுக்க மாட்டேன், அந்த தேன்கூடு மார்க்கு அதுல தான் விழும், ஷீட்டுல விழாது. அதோட ஷீட்ட ஹனிகோம்ப்ல படுக்க போடாம குட்டி ஆணி மாதிரி பின்னு வெச்சு தூக்கிடுவேன். ஏர் கொறச்சலா வெச்சா ஓரம் கண்ணாடியா வரும், ஜாஸ்தி வெச்சா பால் கலர்ல வரும், அது தனி கதை.

கொளத்தூர்_தொட்டி:
மீன் தொட்டிகாரன் சார்புல ஒரு வார்த்தை. கொளத்தூர்ல கண்ணாடி தொட்டி தான் ஜாஸ்தி, நான் அக்ரிலிக்ல பண்றேன், 10, 12 மி.மீ ஷீட்டு. எங்களுக்கு கீறல் வந்தா தண்ணி ஊத்துனதும் உள்பக்க கோடு கொஞ்சம் மறைஞ்சிடும், வெளிப்பக்கம் அப்படியே தெரியும், அதனால எந்த பக்கம் வெளிய வரணும்னு மொதல்லயே முடிவு பண்ணி, அத மெஷின்ல மேல் பக்கமா வெச்சு தான் கட் பண்ணுவேன். நீங்க எல்லாரும் இத பண்றீங்களான்னு தெரியல. டிஸ்ப்ளே ஸ்டாண்டுனாலும் கஸ்டமர் கண்ணு படுற பக்கம் ஒன்னு இருக்குமே, ட்ராயிங்க மிரர் பண்ணி போட்டா முடிஞ்சது.

தூக்குறதும் ஒரு வேலை. 8க்கு 4ல 3 மி.மீ ஷீட்டு பத்தரை கிலோ, 12 மி.மீனா 42 கிலோக்கு மேல. ஒத்த ஆளு ஸ்டாக்குல இருந்து இழுத்தா மேல் ஷீட்டு கீழ் ஷீட்டு மேல தேயும். ரெண்டு பேரு நின்னு, ஒரு ஓரத்த தூக்கி காத்து உள்ள போக விட்டு, அப்புறம் மொத்தமா தூக்கணும். இழுக்கவே கூடாது.

வியாசர்பாடி_ரவுட்டர்:
மிரர் ஐடியா சூப்பர் ண்ணா, ஆனா எல்.இ.டி ஓரத்துல வர்ற பீஸுக்கு ரெண்டு பக்கமும் தெரியுமே?

ஐசிஎஃப்_பென்ஷன்காரர்:
எல்.இ.டி.க்கு அது உதவாது தம்பி. ஓரத்துல விடுற வெளிச்சம் ஷீட்டுக்குள்ளயே ரெண்டு பக்கமும் மோதி மோதி போயிட்டு இருக்கும், முழு அக எதிரொளிப்பு, ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. மேற்பரப்பு எங்க கெட்டிருக்கோ அங்க தான் வெளிச்சம் வெளிய வரும். எழுத்து செதுக்கி லைட்டு விடுற போர்டு வேலை செய்யிறதே அந்த தத்துவத்துல தான். அதனால உங்க கீறலும் ஒரு செதுக்கு தான் அந்த வெளிச்சத்துக்கு, எந்தப் பக்கம் இருந்தாலும் எரியும். இந்த வேலைக்கு மட்டும் கடைசி வரைக்கும் ரெண்டு பக்க மாஸ்க்கும் (ஒட்டியிருக்குற ஃபிலிம் இல்ல பேப்பர்) இருக்கணும், ஃபிட்டிங் முடிஞ்சு கடையில வெச்சுட்டு உரிக்கணும்.

இன்னொரு விஷயம், பழைய கதை தான். இந்தப் பொருள் ஜெர்மனியில ப்ளெக்ஸிக்ளாஸ்னு 1933ல வந்தது, இங்கிலாந்துல பெர்ஸ்பெக்ஸ். ரெண்டாம் உலகப் போர் விமானத்துல பைலட்டு தலைக்கு மேல இருந்த கூண்டு இது தான். அப்பவும் கண்ணாடிய விட லேசு, உடைஞ்சா கூர்மையா சிதறாதுன்னு தான் இத எடுத்தாங்க. கீறல் விஷயத்துல மட்டும் கண்ணாடி கிட்ட நிக்காது, அன்னிக்கும் அப்படி தான் இன்னிக்கும் அப்படி தான்.

பெரம்பூர்_பரிசுக்கடை:
ஐயா பேசிட்டே இருங்க, கேக்க நல்லா இருக்கு. 😊 மூலக்கடை தம்பி, தின்னர் விஷயம் அப்புறம் சொல்றேன்னீங்களே? பேப்பர் பசை ஒட்டிக்கிட்டு வரலன்னா நான் தின்னர் தான் தொட்டு எடுக்குறேன், சில பீஸுல ஓரத்துல வெடிப்பு வெடிப்பா வருது.

மூலக்கடை_லேசர்:
அதே தான் அக்கா. லேசர்ல வெட்டுன ஓரத்துல சூடாகி ஆறுன இறுக்கம் உள்ளயே நிக்கும். அது மேல தின்னரு, அசிட்டோன், ஸ்பிரிட்டு, ஐ.பி.ஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) எது பட்டாலும் நூல் நூலா வெடிக்கும், உடனே வரலன்னாலும் மறுநாள் வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேணாம். பசைக்கு மண்ணெண்ணெய் தொட்டு துணியால மெதுவா ஒத்தி எடுங்க, அது அக்ரிலிக்க ஒன்னும் பண்ணாது, எடுத்ததும் சோப்புத் தண்ணில கழுவிடுங்க. பெட்ரோல் வேற, மண்ணெண்ணெய் வேற, மாத்தி தொட்டுடாதீங்க. லேசர் ஓரத்துக்கு ரொம்ப பயமா இருந்தா ஓவன்ல 80 டிகிரில வெச்சு மெதுவா ஆற விட்டா இறுக்கம் போகும், மாஸ்க் எல்லாம் எடுத்துட்டு தான் வைக்கணும், இல்லன்னா பசை வெந்துடும்.

பசை வேகுறதுக்கு ஓவனே வேணாம், மொட்ட மாடியில மே மாசம் ஷீட்டு போட்டு வெச்சா போதும். பழைய ஸ்டாக்கு உரிய மாட்டேங்குதுன்னா ஒரு முனைய நகத்தால கெளப்பி, பி.வி.சி பைப் துண்டுல சுத்தி சுத்தி உருட்டிக்கிட்டே போங்க, தாழ்வா இழுங்க. ப்ளேடு வேணாம்.

மாதவரம்_டூல்ஸ்:
டேபிள் ஸா வெச்சிருக்குறவங்க யாராவது படிச்சா: மரத்துக்கு போடுற ப்ளேட கழட்டிட்டு ட்ரிபிள் சிப் பல்லு கார்பைடு ப்ளேடு, 10 இஞ்சுக்கு 80 பல்லு கிட்ட போடுங்க. அடிப்பக்கம் கோடு வர்றது டேபிள் மேல தள்ளுறதால, அதுக்கு ப்ளேடு காரணம் இல்ல. ஷீட்டுக்கு அடியில ஷீட்டு அளவுக்கே மெல்லிசா ஒரு ஹார்டுபோர்டு வெச்சு ரெண்டையும் சேத்து தள்ளிடுங்க, தேயுறது ஹார்டுபோர்டு தான். ப்ளேடு சிப்ஸும் மேல் பக்கம் தெறிச்சாலும் அடியில பூராது.

காசிமேடு_கட்டிங்:
இத்த நா பண்ணிகினு கீறேன் பல வருஷமா, ஹார்டுபோர்டு மட்டும் அப்பப்ப தட்டி போட்டுக்கணும், அதுலயே தூளு ஏறிச்சுன்னா அதுவே உப்பு தாளு ஆயிடும்.

வியாசர்பாடி_ரவுட்டர்:
அப்டேட். பெட்ட ஸ்கிம் பண்ணிட்டேன், ஒரு மில்லி எடுத்தேன், அக்ரிலிக்குக்கு தனி எம்.டி.எஃப் போட்டாச்சு. ஒத்த ஃப்ளூட்டு வாங்கி 18,000, 2,500ல ஓட்டுனேன், ஏர் அடிச்சேன். கம்பெனி ஃபிலிமுக்கு மேலயே அடிப்பக்கம் பேப்பர் டேப் ஒரு லேயர் கூட ஒட்டினேன். நகைக்கடை ஆர்டர்ல க்ளியர் பீஸு எல்லாம் லைட்டு போட்டு பாத்தேன், புள்ளியும் இல்ல வாலும் இல்ல. குட்டி பீஸு நகராம இருக்க ரெண்டு மூனு எடத்துல வெட்டாம சின்ன பாலம் மாதிரி விட்டு கட் பண்ணி அப்புறம் அறுத்து எடுத்தேன், அதுலயும் கோடு இல்ல.

ஆனா கருப்பு பீஸு ஒன்னுல மேல் பக்கம் வில்லு வில்லா கோடு இருக்கு. மூலக்கடை ப்ரோ சொன்ன ஷேப்பு கணக்கு படி...

மூலக்கடை_லேசர்:
துணி.

வியாசர்பாடி_ரவுட்டர்:
ஆமா, பையன் ஃபிலிம உரிச்சு பனியன் வேஸ்ட்டால தொடச்சிருக்கான். அதே வேஸ்ட்டு தான் ஏ.சி.பி பெட்ட தொடைக்கவும் எடுப்பான்.

காசிமேடு_கட்டிங்:
மொதல்ல அந்த பனியன் வேஸ்ட்ட எட்த்து வெளிய கடாசு தல. ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட தண்ணில வுட்டு, மைக்ரோஃபைபர் துணி புச்சா வாங்கி, தண்ணிய ஊத்தி தூசிய ஓட வுட்டுட்டு அப்பால ஒத்தி எடு.

கொளத்தூர்_தொட்டி:
ஃபிலிம உரிச்ச உடனே ஷீட்டுல ஸ்டேட்டிக் ஏறும், ஏ.சி ரூம்ல இன்னும் ஜாஸ்தி, சுத்தி இருக்குற தூசிய எல்லாம் இழுத்துக்கும். அந்த நேரத்துல காய்ஞ்ச துணி போட்டா தூசிய வெச்சே தேய்க்கிறோம். ஈரத்துணி தான்.

அந்த கருப்பு பீஸ தூக்கி போட்டுடாதீங்க. நகத்துல சிக்காத கோடுனா ப்ளாஸ்டிக் பாலிஷும் பஞ்சு வீலும் போதும், வீல ஒரே எடத்துல அழுத்தி நிறுத்தாதீங்க, உருகும். நகத்துல சிக்குச்சுன்னா 800, 1200, 2000 வாட்டர் பேப்பர் வரிசையா தண்ணியோட போட்டு அப்புறம் பாலிஷ். கோடு மட்டும் இருக்குற எடத்துல தேய்க்காம கொஞ்சம் அகலமா தேயுங்க, இல்லன்னா பள்ளமா தெரியும். டார்ச்சு நெருப்பு ஓரத்துக்கு மட்டும் தான், ஷீட்டோட தட்டையான பக்கத்துல காட்டுனா அலை அலையா ஆயிடும்.

வியாசர்பாடி_ரவுட்டர்:
நகத்துல சிக்கல. பாலிஷ் போட்டு பாக்குறேன். பேப்பர் டேப் ஒட்டுற செலவு யாரு தலையில போடுறீங்க, சதுர அடிக்கு தனியா கேட்டா கஸ்டமரு மூஞ்ச காட்டுறாங்க.

பெரம்பூர்_பரிசுக்கடை:
தனியா கேக்காதீங்க தம்பி, கட்டிங் ரேட்டுலயே சேத்துடுங்க. பில்லுல மட்டும் "மாஸ்க் ஒட்டியே டெலிவரி, கஸ்டமர் முன்னாடி ஒரு பீஸ் உரிச்சு காட்டப்படும்"னு எழுதுங்க. உரிச்சு காட்டி கையெழுத்து வாங்கிட்டா, வீட்டுக்கு போயி சாவிய வெச்சு தேய்ச்சிட்டு நம்ம கிட்ட திரும்ப வர மாட்டாங்க.